ஷாட்கன்னில் ஒற்றைக் குண்டு: விலங்கின் மீது சுடுமுன் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஷாட்கன் துப்பாக்கிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிறு ஈயக் குண்டுகள் பலவற்றை அடைத்த ரவைத் தோட்டாக்களைப் பற்றி அதில் சொல்லியிருப்பவை பெரும்பாலும் சரியே. ஆனால் கடைசிப் பத்தியில், ஸ்லக் எனப்படும், ரவைக்குப் பதில் கனத்த ஒரே ஈயத் துண்டைக் கொண்ட தோட்டாவையோ ஒற்றை ஈய உருண்டையையோ போட்டுக்கொண்டால் அதே துப்பாக்கி 100 மீட்டர் வரை ரைபிளைப் போலப் பயன்படும் என்றும், குண்டு வெகுதூரம் போகாது என்பதால் ரைபிளைவிட இது பாதுகாப்பானது என்றும் எழுதியிருக்கிறார்கள். வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உள்ள இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஷாட்கன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் என்ற முறையில், இந்த இரண்டு கருத்துகளையும் மறுத்து எழுதாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை. இவற்றை நம்பிச் சுடப்போகிறவர் ஒரு விலங்கைக் காயப்படுத்தித் தப்பவிடக்கூடும். அதைவிட மோசமாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதரைச் சுட்டுவிடவும் கூடும்.

முதலில் ஒரு சிறு திருத்தம். ஷாட்கன் குழலின் அளவைச் சொல்லும் ‘12 போர்’ (bore) என்பதில் உள்ள 12, தோட்டாவுக்குள் இருக்கும் ரவைகளின் எண்ணிக்கை அன்று. ஒரு பவுண்டு தூய ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ அதுவே அந்தக் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அந்த உருண்டையின் எடை 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதே கணக்கில் 16 போர் குழலுக்கு 16.8 மில்லிமீட்டரும், 20 போர் குழலுக்கு 15.6 மில்லிமீட்டரும் வரும். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்குவதன் காரணம் இதுதான். .410 என்ற குழல் அளவு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன விட்டம். ஆக, நாம் ரவைக்கென்றே பிறந்ததாக நினைக்கும் இந்தத் துப்பாக்கிக்கு எண் கொடுத்ததே ஒற்றை ஈய உருண்டைதான்.

அப்படியானால் அந்த உருண்டையை ஏன் நம்பக்கூடாது என்று கேட்கலாம். குழலின் வாயில்தான் சிக்கல் இருக்கிறது. ரவை சிதறாமல் நெருங்கிப் போவதற்காக ஷாட்கன் குழலின் முனையைச் சற்றே குறுக்கியிருப்பார்கள். அதைத்தான் சோக் என்கிறோம். முழு சோக் உள்ள 12 போர் குழலின் வாய், உள்விட்டத்தைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கும். எந்தக் குழலில் போட்டாலும் வாயில் சிக்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காக, தொழிற்சாலைத் தோட்டாக்களில் அடைக்கப்பட்ட உருண்டையை 17.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினார்கள். எடை 32 கிராம் ஆயிற்று. கூடவே, குழலுக்கும் உருண்டைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் வந்துவிட்டது. வெடிமருந்தின் அழுத்தத்தில் கிளம்பும் உருண்டை அந்த இடைவெளியில் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொண்டே வருகிறது. கடைசியாக எந்தப் பக்கத்தில் உரசிவிட்டு வெளியேறுகிறதோ அதற்கேற்ப ஒரு சுழற்சியும் அதற்கு ஏற்பட்டுவிடுகிறது. அந்தச் சுழற்சி எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் இருக்கும் என்று சுடுபவர் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஒரு மஸ்கட் துப்பாக்கிக் குழலின் முனையை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு எதிர்பார்த்தபடியே இடப்பக்கம் கிளம்பியது; ஆனால் போகப் போக வலப்பக்கம் திரும்பிவிட்டது. வளைவின் வலப்புறச் சுவரில் உரசிய குண்டு அந்த உரசலால் சுழலத் தொடங்கி, காற்று அதை வலப்பக்கம் தள்ளிவிட்டது. சுழலும் பொருளைக் காற்று ஒருபக்கமாகத் தள்ளும் இந்த விளைவுக்குப் பின்னாளில் மேக்னஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளரின் பெயர் வந்தது. வளைந்த குழலில் ராபின்ஸ் வேண்டுமென்றே உண்டாக்கியது, வழவழப்பான நேர்க்குழலில் ஒவ்வொரு சூட்டிலும் தானாக, வேறு வேறு திசையில் நடக்கிறது. கிரிக்கெட் பந்து சுழன்று திரும்புவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்து வீசுபவருக்குத் தன் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். ஈய உருண்டையைச் சுடுபவருக்கு அது தெரியாது என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் ஸ்லக். ஜெர்மானியரான வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898இல் உருவாக்கிய ஸ்லக், திண்ணிய ஈயத் தலையின் அடியில் வாட் எனப்படும் இலேசான அடைப்பு ஒன்றைத் திருகாணியால் பொருத்திய அமைப்பு. அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் 1931இல் செய்தது, அடிப்பக்கம் குடைந்த ஈயத் தொப்பி போன்றது. இரண்டிலும் எடை முன்பக்கம் இருக்கிறது. இறகுப்பந்தின் தலை எப்படி எப்போதும் முன்னே போகிறதோ அப்படித்தான் இவையும் சுழற்சி இல்லாமலேயே முகம் திரும்பாமல் பறக்கின்றன. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ரைபிள் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் மான் வேட்டையாட உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஃபாஸ்டர் இதைச் செய்தார் என்பதை நான் மதிப்போடு நினைத்துக்கொள்வதுண்டு.

தங்கள் கட்டுரையாளர் மட்டுமல்லாமல், துப்பாக்கி பழகியவர்களிலும் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஸ்லக்கின் பக்கவாட்டில் சாய்வாகத் தெரியும் வரிகள் காற்றைக் கிழித்து அதைச் சுழலவைக்கின்றன என்பார்கள். அப்படி ஏற்படும் சுழற்சி, குண்டை நிலைப்படுத்தும் அளவுக்குப் போதாது. சோக்கின் ஒடுங்கிய வாயைக் கடக்கும்போது ஈயம் நசுங்கி இடம்கொடுக்கவே அந்த வரிகள் பயன்படுகின்றன. உண்மையான சுழற்சி வேண்டுமானால் குழலுக்குள்ளேயே சுரி, அதாவது ரைபிளில் இருப்பதைப் போன்ற திருகுப் பள்ளங்கள், வெட்டியிருக்க வேண்டும். இந்தியப் படையில் பணியாற்றிய ஃபாஸ்பெரி என்ற ஆங்கிலேய அதிகாரி, குழலின் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் சுரி வெட்டி, ரவையும் குண்டும் இரண்டுமே சுடலாம் என்று 1885இல் காப்புரிமை பெற்றார். ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் ‘பேரடாக்ஸ்’ என்ற பெயரில் அதைச் செய்து விற்றது. இன்று முழு நீளமும் சுரி வெட்டிய ஷாட்கன் குழல்கள் கிடைக்கின்றன; அவற்றுக்கென்று, பிளாஸ்டிக் உறைக்குள் ஒடுக்கமான குண்டை வைத்த சாபோ தோட்டாக்களும் இருக்கின்றன. அந்த ஜோடியை 100 மீட்டருக்கு நம்பலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே சாபோ தோட்டாவை வழவழப்பான குழலில் போட்டால், சுழற்சி கிடைக்காமல் குண்டு காற்றிலேயே புரண்டு பக்கவாட்டில் போய் விழும். ஃபாஸ்டர் ஸ்லக்கைச் சுரிக்குழலில் சுட்டால் மென்மையான ஈயம் சுரிகளில் அப்பிக்கொள்ளும். எந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா என்ற இந்த வேறுபாட்டைக் கட்டுரை ஒரு சொல்லாலும் தொடவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பதால், என் பிழை ஒன்றை இங்கே எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கியுடன், பயிரை அழித்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகளைச் சுடும் அனுமதியோடு போயிருந்தேன். தோட்டாக்களை விற்றவர், ‘எந்தக் குழலுக்கும் பொருந்தும், பயமில்லாமல் போடுங்கள்’ என்று சொல்லியிருந்தார். நானும் சோதித்துப் பார்க்கவில்லை. எழுபது தப்படி நடக்கும் தொலைவில் பன்றி பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், குறிபார்க்கக் குழல் முனையிலிருக்கும் சிறு மணியை வைத்து இடக்குழலைச் சுட்டேன். பன்றி பின்பக்கம் சரிந்து, மீண்டும் எழுந்து, புதருக்குள் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடினோம். இலைகளின்மேல் கிடந்த இரத்தம் கருஞ்சிவப்பாக, அங்கங்கே பச்சை கலந்து இருந்தது. குண்டு குடலில் பட்டிருக்கிறது என்று உடன் வந்த பெரியவர் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில்தான் கிடைத்தது. அந்த இரவு முழுவதும் அது உயிரோடு கிடந்திருக்கிறது.

அந்த வாரமே ஒரு பெரிய அட்டையில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்கும் இடத்தில் நிறுத்தி, 50 மீட்டரில் மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுட்டுப் பார்த்தேன். வலக்குழலின் மூன்று குண்டுகளும் குறிக்குக் கீழே, ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின. இடக்குழலின் மூன்றும் குறிக்கு இடப்பக்கம் ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் போயிருந்தன. அவற்றில் ஒரு துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தது. அதாவது, அந்தக் குண்டு முகம் திரும்பி, சாய்ந்த நிலையில் காகிதத்தைத் துளைத்திருக்கிறது. இரண்டு குழல்களையும் ரவைக்காக ஒரு குறிப்பிட்ட தொலைவில் ஒன்றுசேரும்படி இணைத்திருப்பார்கள் என்பதும், தோட்டாவின் எடையும் வேகமும் மாறினால் அந்தக் கணக்குத் தவறி ஒவ்வொரு குழலும் தன் போக்கில் சுடும் என்பதும் அதன் பிறகே எனக்குப் புரிந்தது. என் துப்பாக்கியின் இடக்குழல் முழு சோக். ஒற்றைக் குண்டுக்கு அது சற்றும் ஒத்துவரவில்லை. பொதுவாகவே, சோக் இல்லாத குழலிலும் இலேசான சோக் உள்ள குழலிலும்தான் ஸ்லக் நன்றாக அடங்குகிறது.

ஆகவே, எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கு விடை தோட்டாப் பெட்டியின்மேல் இல்லை. அவரவர் துப்பாக்கி, அவரவர் தோட்டா, அவரவர் கண்ணும் கையும் சேர்ந்துதான் அதை முடிவு செய்ய வேண்டும். மான், பன்றி போன்ற விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வட்டம். மூட்டையில் தாங்காமல், காட்டில் எப்படி நின்றும் உட்கார்ந்தும் சுடுவோமோ அப்படியே சுட்டு, எல்லாக் குண்டுகளும் அந்த வட்டத்துக்குள் விழும் கடைசித் தொலைவு எதுவோ, அதுவே ஒருவருடைய எல்லை. என் அனுபவத்தில் வழவழப்பான குழலிலிருந்து வரும் ஈய உருண்டைக்கு 40 மீட்டரைத் தாண்டி அந்த உறுதி இல்லை. நல்ல ஸ்லக்கும், மணிக்குப் பதிலாக முன்னும் பின்னும் குறிகாட்டிகளும் இருந்தால் 70 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல், குண்டு சரியாகப் பறந்தாலும் விழும் கணக்கு குறுக்கே வரும். 28 கிராம் ஸ்லக் விநாடிக்கு 480 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், 100 மீட்டரில் அதன் வேகம் 300க்கு அருகே குறைந்து, தாக்கும் ஆற்றல் தொடக்கத்தில் இருந்ததில் பாதிகூட இருக்காது; 50 மீட்டருக்குக் குறிவைத்துச் சரிசெய்த துப்பாக்கி 100 மீட்டரில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தாழச் சுடும். தொலைவைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுபவர், மாலை வெளிச்சத்தில் 70ஐ 100 என்றும் 100ஐ 70 என்றும் எண்ணிவிடுவது வெகு எளிது.

இதைச் சொல்வதால் ஈய உருண்டை எதற்கும் ஆகாது என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். முப்பது மீட்டருக்குள், அடர்ந்த காட்டில், கனத்த விலங்கின் தோளில் பட்ட உருண்டை நேராக உள்ளே இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எல்.ஜி., எஸ்.ஜி. போன்ற பெரிய ரவைகளைச் சற்றுத் தொலைவில் சுட்டு, இரண்டு மூன்று ரவைகளை உடம்பில் ஏற்றி அனுப்பிவிடுவதைவிட, அருகிலிருந்து சுடும் ஒற்றை உருண்டை எவ்வளவோ மேல். இருந்தாலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டத்தில் ஒரு சொல் என் கவனத்தை ஈர்த்தது. மானின்மீது வழவழப்பான குழல் துப்பாக்கியைப் பயன்படுத்துவதை அந்தச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. பயிர்ச்சேதத்தைத் தடுக்க வேண்டிய நிலத்துக்காரருக்கு அளிக்கும் விதிவிலக்கில்கூட, ஒற்றைக் குண்டு என்றால் அது 22.68 கிராமுக்குக் குறையாமலும், கோள வடிவில் இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்லக்கை ஏற்று உருண்டையை விலக்கிவைத்த அந்தச் சட்டத்தை எழுதியவர்கள், உருண்டையின் குணத்தை நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிய கூற்றுதான் என்னை மிகவும் வருத்தியது. ரவை சில நூறு மீட்டருக்குள் வேகமிழந்து உதிர்ந்துவிடும். அந்த எண்ணத்திலேயே பழகிய கை, ஒற்றைக் குண்டைப் போட்ட பிறகும் அதே துணிச்சலோடு விசையை இழுக்கிறது. குறி தவறிய ஸ்லக்கோ மிகக் கனமான ஈயத் துண்டு. தாழ்ந்த கோணத்தில் தரையில் பட்டால் அது நின்றுவிடுவதில்லை, தெறித்து மேலும் பறக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று 2007இல் வெளியிட்ட ஆய்வு, ரைபிளைவிட ஷாட்கன் எப்போதும் ஆபத்துக் குறைந்தது என்ற பரவலான நம்பிக்கை சரியல்ல என்றே கூறியது. கிடைமட்டமாகச் சுடும்போது தெறித்துப் போகும் தொலைவில் ஸ்லக் முந்திவிடுகிறது என்பது அதில் காட்டப்பட்ட காரணம். புதர்களைக் கிழித்துக்கொண்டு ஸ்லக் நேராகப் போகும் என்ற பேச்சையும் இதோடு சேர்த்து மறந்துவிட வேண்டும். விரல் பருமன் கிளையில் பட்டாலும் எந்தக் குண்டும் திசை மாறலாம். விலங்குக்குப் பின்னால் மண்சரிவோ மேடோ இல்லையென்றால், உச்சியில் வானத்தை முதுகாக வைத்து அது எவ்வளவு அழகாக நின்றாலும் சுடக்கூடாது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

துப்பாக்கியையே பாழாக்கும் வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்காதபோது, ரவைத் தோட்டாவைத் திறந்து அதில் பால்ரஸ் எனப்படும் எஃகு உருண்டையைப் போட்டுச் சுடுவதைச் சிலர் திறமையாகவே பேசுகிறார்கள். ஈயம் சோக்கில் நசுங்கி வழிவிடும், எஃகு நசுங்காது. குழலின் வாய் வீங்கும், அல்லது பிளக்கும். பிளக்காமல் வெளியேறினாலும், ஈயத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்த அந்த உருண்டை விரைவில் வேகமிழந்து, கல்லில் பட்டால் எங்கு வேண்டுமானாலும் தெறிக்கும். தோட்டாவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 70 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருப்பது சுட்ட பிறகு விரிந்த உறையின் நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால் 65 மில்லிமீட்டர் நீளத் தோட்டா அறை கொண்ட பழைய துப்பாக்கியிலும் வசதியாக நுழைந்துவிடும். சுடும்போது உறை விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். எண்பது, நூறு ஆண்டு பழைய இரட்டைக்குழல்களை வைத்திருப்பவர்கள், தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் அறையின் நீளத்தையும் சோக்கையும் அளந்து பார்க்கச் சொல்லாமல் ஸ்லக் தோட்டாவைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டுரையில் உள்ள ‘100 மீட்டர்’ என்ற ஒரே எண்ணை நீக்கி, வழவழப்பான குழலில் ஈய உருண்டை, வழவழப்பான குழலில் ஸ்லக், சுரிக்குழலில் சாபோ என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ‘ரைபிளைவிடப் பாதுகாப்பானது’ என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். படம் போட இடமிருந்தால், நான் சுட்ட அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீள்வட்டமாகக் கிழிந்த துளை அதில் தெளிவாகத் தெரிகிறது, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்